பனிக்குச் செய்த டயரும் தலவாக்கலை மழையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நானுஓயாவிலிருந்து லிந்துலைப் பக்கம் இறங்கும் ரோட்டில் ஒரு முடக்கைத் தாண்டியதும் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அக்கா பிறேக்கை மிதித்தார். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. வலது பக்கம் ஏறி வந்த லொறி, முன்னால் பஸ். மிச்சமிருந்தது இடது பக்கத்துக் கான் மட்டும்தான். அதற்குள் முன் சில்லை இறக்கினார். பம்பர் மண்மேட்டில் முட்டிக் கார் நின்றது. பின் சீட்டில் அவருடைய மகளும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஒரு ஹெட்லைட், பம்பர், இடது பக்க ஸ்டியரிங் ரொட் போயின.

அக்கா என் பெரியம்மா மகள். தலவாக்கலையில் வீடு, நுவரெலியாவில் ஆசிரியத் தொழில். நான் ஹட்டனில் ஒரு டயர் கடையில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது சொந்தமாக வான் ஓட்டுகிறேன். குடும்பத்தில் யாருடைய வாகனம் என்ன சத்தம் போட்டாலும் எனக்குத்தான் போன் வரும். அன்றிரவும் வந்தது.

"தம்பி, எல்லாரும் டயர மாத்தச் சொல்றாங்க. எல்லாக் காலத்துக்கும் போடுற ஆல் சீசன் போடவா, சாதாரண டயர் போடவா? எங்க ஸ்டாஃப் டீச்சர் ஒருத்தரோட அண்ணன் டொரொண்டோவுல இருக்காரு. அங்க எல்லாரும் ஆல் சீசன்தான் போடுவாங்களாம். நுவரெலியா குளிருக்கு அதுதான் சரின்னு சொல்றாரு."

"மொதல்ல கார காட்டுங்க அக்கா. டயர பொறவு பேசலாம்."

காரில் கண்டவை

கார் 2017இல் செய்த வேகன் ஆர். ஜப்பானில் சிறிது காலம் ஓடி, ரீகண்டிஷனாக இலங்கைக்கு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விலையில்தான் அக்காவும் மச்சானும் 2023இல் இதை வாங்கினார்கள். விற்றவர், "டயர் எல்லாம் ஜப்பான் டயர், பட்டன் (டயர் முகத்திலுள்ள இறப்பர்க் கட்டைகள்) அப்படியே இருக்கு, குளிருக்கென்றே செய்தது, நுவரெலியாவுக்கு இதைவிட நல்லது கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. கடைசி வாக்கியத்தைத் தவிர.

கராஜில் தூக்கி வைத்து முதலில் பிறேக்கைப் பார்த்தோம். ஊரில் எல்லோருடைய தீர்ப்பும் "பிறேக் பிடிக்கல" என்பதாகத்தான் இருந்தது. பாட் நன்றாக இருந்தது, எண்ணெய் கசிவு இல்லை, டிஸ்க்கும் நேராகவே இருந்தது. மிதித்தபோது கால் நடுங்கியதாக அக்கா சொன்னார். அது ஏபிஎஸ். சில்லு பூட்டிக்கொள்ளாமல் இருக்க, அது பிறேக்கை விநாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த நடுக்கம் பழுதல்ல, வேலை செய்வதன் அடையாளம். ஆனால் அக்கா அதை முதல் தடவையாக அன்றைக்குத்தான் உணர்ந்திருக்கிறார். பயந்து ஒரு கணம் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்திருக்கிறார். அதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் எத்தனை அடி போயிருக்கும் என்று நான் கணக்குப் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 11 மீற்றர் போகும்.

இரண்டாவது, காற்று. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியதைவிட முன் டயர்களில் 6 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது. பெற்றோல் செட்டில் காற்றடிக்கும் பையன் எல்லாக் காருக்கும் ஒரே அளவுதான் அடிப்பான். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே ரோட்டைத் தொடும்.

மூன்றாவதாகத் தரையில் முழங்காலிட்டு டயரின் பக்கச் சுவரை டோர்ச் அடித்து வாசித்தேன். மழையில் ஒட்டிக் காய்ந்த சேற்றைச் சுரண்டியதும் எழுத்து தெரிந்தது: 'ஸ்டட்லெஸ்'. நான்கிலும் அதேதான்.

ஸ்டட்லெஸ் என்றால் என்ன

ஜப்பானின் வடக்கில் மாதக்கணக்கில் ரோடு பனிக்கட்டியாகக் கிடக்கும். முன்பு அங்கே ஆணி பதித்த டயர் போட்டார்கள். ஆணி ரோட்டைக் கீறித் தூசியைக் கிளப்பியதால் அதை விட்டுவிட்டு, ஆணி இல்லாமலே பனிக்கட்டியைப் பிடிக்கும் டயரைச் செய்தார்கள். அதன் இறப்பர் மிக மெதுவானது, அதாவது மிருதுவானது. பூச்சியத்துக்குக் கீழே போனாலும் விறைக்காது. பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனிக்கட்டியின் மேலுள்ள ஈரப்படலத்தை அந்த வெட்டுகளும் இறப்பரிலுள்ள நுண்துளைகளும் உறிஞ்சிக்கொள்ள, இறப்பர் நேராகப் பனிக்கட்டியில் ஒட்டும். பனி நாட்டில் அருமையான வேலை.

இந்த டயரை 18 பாகை வெப்பத்தில், மழை பெய்த கார்பட் ரோட்டில் ஓட்டினால் கதையே வேறு. பிறேக் மிதிக்கும்போது வெட்டு விழுந்த மெதுவான பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கின்றன. ரோட்டைத் தொட வேண்டிய முகம் பாதி தூக்கிக்கொள்கிறது. உறிஞ்சுவதற்குச் செய்த வெட்டுகளால் மழைத்தண்ணீரை வெளியே தள்ள முடியாது. அது வேறு வேலை, அதற்கு அகலமான நேர் பள்ளங்கள் வேண்டும். ஸ்பொஞ்சால் மேசையைத் துடைக்கலாம், கானைத் துப்புரவாக்க முடியுமா?

அதற்கு மேலே வயசு வேறு. பக்கச் சுவரில் 'டொட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே டயரின் பிறந்த நாள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 4217, அதாவது 2017இன் 42ஆம் வாரம், ஒக்டோபர். யாரோ ஒரு ஜப்பான்காரர் வரப்போகும் குளிர்காலத்துக்காக வாங்கிய டயர். ஆறரை வருடத்துக்குப் பிறகு, மெதுவாக இருப்பதற்காகவே செய்த இறப்பர் மெதுத்தன்மையையும் இழந்துவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினேன், தடம் பதியவில்லை. பட்டன் ஆழம் 5 மில்லிமீற்றருக்கு மேல். விற்றவர் சொன்னதுபோல 'அப்படியே' இருந்தது. ஆழத்தை மட்டும் பார்ப்பவர் எவரும் இந்த டயரைக் குறை சொல்ல மாட்டார்.

ரோட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முதல் நாலைந்து நாள் மழை இல்லை. அன்று தூறல் தொடங்கிக் கால் மணி நேரம்தான். இப்படித் தொடங்கும் தூறல்தான் கொட்டும் மழையைவிட மோசம். ரோட்டில் படிந்த தூசியும், வளைவில் பஸ்கள் சிந்திய டீசலும் கழுவுப்படாமல் குழம்பாகி நிற்கும். ஆக, காரணம் ஒன்றல்ல. ஆனால் மற்ற எல்லாம் அன்றைக்கு மட்டும் நடந்தவை. டயர் ஒவ்வொரு நாளும் காரோடு போனது.

ஏழு பாகைக் கணக்கு

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். டயர்க்காரர்கள் சொல்லும் ஒரு கோடு உண்டு: சுமார் 7 பாகை செல்சியஸ். சாதாரண டயரின் இறப்பர் அதற்குக் கீழே போகப்போக விறைத்துப் பிடிமானம் குறையும். குளிர்கால டயர் அதற்குக் கீழேதான் தன் திறமையைக் காட்டும். ஆல் சீசன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமரசம். 1977இல் அமெரிக்காவில் குட்இயர் 'டியெம்போ' என்ற பெயரில் விற்கத் தொடங்கியபோது அதன் நோக்கமே, வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றும் தொல்லையிலிருந்து மக்களை விடுவிப்பதுதான். சமரசம் என்பதால் கடும் பனிக்கும் அது முழுதாகப் போதாது. அதே கனடாவில் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மலையும் பனிச்செதிலும் சேர்ந்த சின்னம் இல்லாத வெறும் ஆல் சீசனை அங்கே ஏற்க மாட்டார்கள்.

நமக்கு எத்தனை நாள் 7 பாகைக்குக் கீழே? நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகைக்குப் பக்கம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் துகள் உறைபனி விழுந்து, அம்பேவெல பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல இருக்கும். பேப்பரில் படம் வரும். எட்டு மணி வெயிலுக்கு அது ஓடிவிடும். அக்கா வீட்டை விட்டுக் கிளம்பும் தலவாக்கலையோ அதைவிட நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகமுடியாத குளிர் வேறு, டயர் இறப்பர் விறைக்கும் குளிர் வேறு. நமக்கு நடுங்குவதால் காருக்கும் நடுங்குகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

காலநிலையை டயரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைநாட்டுக்குக் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. எந்தப் பக்கத்து மழை என்பது மட்டும்தான் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அப்போது பதுளையில் கச்சான் காற்றில் புல் காயும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை, பசறைப் பக்கம். இரண்டுக்கும் இடையில் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு எல்லாப் பக்கமும். அதனால் 'ஆல் சீசன்' என்று தமிழ் மலையகத்தில் யாராவது டயர் செய்தால் அது மழை டயராகத்தான் இருக்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, எல்லோரும் கேட்பதால். "கொழும்பிலிருந்து மேலே வந்தால் குளிரில் காற்று இறங்குமா?" கொழும்பில் 30 பாகையில் 32 பிஎஸ்ஐ அடித்து நுவரெலியாவின் 12 பாகை இரவுக்கு வந்தால், குளிர் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐயைக் குறைக்கும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு. மானி வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதைத்தான் காட்டும் என்பதால் அந்தளவு கூட்டிக் காட்டும். இரண்டும் கழிபட்டு 32க்குப் பக்கத்திலேயே நிற்கும். நான் முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டபோது எங்கேயோ பிழைவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

இறக்கம் செய்யும் வேலை

சமதரையில் ஓட்டுபவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் ரோட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல டயர் நனைந்த ரோட்டில் 0.7 அளவு உராய்வு தருகிறது, மோசமான டயர் 0.4 தருகிறது என்று வைத்தால், 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து சமதரையில் நிற்க முதலாவதற்கு 9 மீற்றர், இரண்டாவதற்கு 16 மீற்றர். இறக்கத்தில் புவியீர்ப்பு இரண்டிலிருந்தும் ஒரே அளவு, அதாவது 0.1ஐ, பிடுங்கிக்கொள்கிறது. நல்ல டயருக்கு அது ஏழில் ஒன்று. மோசமான டயருக்கு நாலில் ஒன்று. நிற்கும் தூரம் பத்தரை மீற்றராகவும் 21 மீற்றராகவும் ஆகிறது. சமதரையில் 7 மீற்றராக இருந்த வித்தியாசம் இங்கே பத்தரை. வறியவனிடமிருந்தும் பணக்காரனிடமிருந்தும் ஒரே வரி வாங்குவது மாதிரி.

நம்முடைய வேகத்தில், தண்ணீரின் மேல் டயர் மிதந்து போவதெல்லாம் அரிது. அது நெடுஞ்சாலைப் பிரச்சினை. இங்கே கேள்வி ஒன்றுதான்: நனைந்த ரோட்டில், குறைந்த வேகத்தில், சரிவில், டயர் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும்?

கடையில்

அடுத்த வாரச் சனிக்கிழமை அக்காவும் மச்சானும் நானும் ஹட்டனுக்குப் போனோம். காரின் அளவு 155/65 ஆர் 14, சுமைக் குறியீடு 75. ஒரு டயர் 387 கிலோ தாங்கும். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உள்நாட்டில் செய்த சாதாரண டயர். மற்றது வெளிநாட்டு ஆல் சீசன், பக்கச் சுவரில் 'எம் பிளஸ் எஸ்'. சேறும் பனியும் என்று அர்த்தம். விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

மச்சான் ஆல் சீசனைத் தடவிப் பார்த்தார். "வெலை கூடுனா அதுக்கேத்த சாமானாத்தான் இருக்கும்" என்றார். அந்த எம் பிளஸ் எஸ் என்பது எந்தச் சோதனையிலும் தேறிய முத்திரை அல்ல, பட்டனின் அமைப்பைப் பார்த்து டயர் செய்பவரே போட்டுக்கொள்வது என்று சொன்னேன். சோதித்துக் கொடுப்பது மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிச்செதில் இருக்கும் சின்னம். அதுவும் பனியில் சோதித்ததற்குத்தான். மழைக்கல்ல.

மழைக்கு எதைப் பார்ப்பது? ஐரோப்பாவுக்குப் போகும் டயர்களில் ஒட்டும் தாளில் மேகமும் மழையும் வரைந்த கட்டத்தில் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும், அது நனைந்த ரோட்டுப் பிடிமானம். அமெரிக்க முறையில் பக்கச் சுவரிலேயே 'டிராக்‌ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி. பக்கத்திலேயே 'டிரெட்வெயர்' என்று 300, 400 என ஓர் எண், அது தேய்வு. நம் ஆட்கள் கடைக்குள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஆயிரம் ஓடும்?" என்பதுதான். பதினொரு வருடத்தில், மழையில் எப்படிப் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். தேயாத டயர் பெரும்பாலும் கடினமான டயர். கடினமான இறப்பருக்கு ஈர ரோட்டில் பிடி குறையத்தான் பார்க்கும்.

இரண்டு டயரிலும் டிராக்‌ஷன் ஏ. அப்படியானால் விலை குறைந்தது போதும் என்று முடித்திருப்பேன். பழக்கத்தில் திகதியையும் பார்த்தேன். ஆல் சீசனில் 0820. 2020 பெப்ரவரியில் பிறந்து நாலு வருடத்துக்கு மேல் றாக்கையில் தூங்கிய டயர். உள்நாட்டு டயரில் 1124, மூன்று மாதக் குழந்தை. கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

இதை வைத்து ஆல் சீசன் கூடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நனைந்த ரோட்டில் நல்ல எழுத்து வாங்கிய, புதுத் திகதியுள்ள ஆல் சீசன், மலிவான கடின இறப்பர் சாதாரண டயரைவிட நமக்கு நல்லது. இங்கே சாதாரணம் என்று விற்கும் சில டயர்களிலேயே எம் பிளஸ் எஸ் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. நேர் பள்ளம் குறைந்து குறுக்கு வெட்டுகள் கூடிய பட்டன் தோட்டத்து மண் ரோட்டில் சற்று உதவும் என்பதும் உண்மைதான். ஆனால் மழைக்கால லயத்து ரோட்டின் சேற்றில் வேகன் ஆர் சிக்கினால் நாலு பேர் தள்ளுவதுதான் வழி.

இரண்டா, நாலா

பணம் வந்து நின்ற இடம் இது. "இப்ப முன்னுக்கு ரெண்டு போடுவோம், போனஸ் வந்ததும் மத்த ரெண்டு" என்றார் மச்சான். கடைப் பையன் ஜாக்கி எடுத்துக்கொண்டு முன் பக்கம் போயும்விட்டான்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன் சில்லு இழுக்கும் காரில் நல்ல டயர் முன்னுக்குத்தான் போக வேண்டும் என்று கடைகளில்கூட நினைக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டேன். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். காலைத் தளர்த்தினால் திரும்பப் பிடிக்க வாய்ப்புண்டு. இறக்கத்து முடக்கில் பிறேக் மிதிக்கும்போது பாரம் முழுதும் முன்னுக்கு வந்து பின் பக்கம் இலேசாகிவிடும். அந்த நேரம் பின் டயர் விட்டால் காரின் வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும். அதைத் திருப்பிப் பிடிக்கச் சாதாரணமாக ஓட்டும் ஒருவரால் முடியாது. அதனால் இரண்டே வாங்கினால் புதியது பின்னுக்கு. ஆனால் இந்தக் காரில் அதுவும் சரிவராது. இரண்டு புதிய சாதாரண டயர், இரண்டு கிழட்டு ஸ்டட்லெஸ் என்று கலந்தால் காரின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இரண்டு குணம் வந்துவிடும்.

"மச்சான், வெல வித்தியாசத்த பாருங்க. ஆல் சீசன் ரெண்டு வாங்குற காசுல இதுல மூணு வருது. நாலாவது டயர் என் கணக்கு, மாசா மாசம் குடுங்க."

அக்கா என்னை முறைத்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்தார்.

போட்ட பிறகு

மாற்றுவதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தேன். காற்றைச் சரியான அளவுக்கு இறக்கிவிட்டு, ஞாயிறு விடியக் காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நனைந்த நேர் ரோட்டில் 30இல் வந்து பிறேக்கை முழுதாக மிதித்தேன். மூன்று தடவை. நின்ற இடத்தைக் காலடியால் அளந்தேன், 13 காலடிக்குப் பக்கம். புது டயரின் மேல்பூச்சு தேய இருநூறு கிலோமீற்றர் ஓடவிட்டு, அதே இடத்தில் அதேபோல மறுபடி மூன்று தடவை. 10 காலடி. ஒரே நாள் இல்லை, ஒரே ஈரம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. இருந்தாலும் மூன்று காலடி என்பது அன்றைக்குக் கானுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் பெரிய இடம்.

இரண்டாம் தடவை அக்காவையே ஓட்டவைத்தேன். ஏபிஎஸ் நடுங்கும்போது காலை எடுக்கக்கூடாது என்று வாயால் நூறு தடவை சொல்வதைவிட, ஆளில்லாத ரோட்டில் ஒரு தடவை நடுங்கவைப்பது மேல். முதல் தடவை "ஐயோ" என்று கத்தினார். மூன்றாம் தடவை கத்தவில்லை. இறக்கத்தில் கியரை 'டி'யிலேயே விட்டு பிறேக்கிலேயே வரும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அதையும் மாற்றினோம். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில் இறங்கு என்று லொறிக்காரர்கள் சொல்வது ஆட்டோ கியருக்கு 'எல்' என்று அர்த்தம்.

ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலையில், பட்டனை அளந்தேன். பரவாயில்லாத தேய்வு. முன் பின் மாற்றிப் போட்டோம். இடையில் ஜனவரியில் ஒரு நாள் அக்கா காலையிலேயே போன் எடுத்தார். முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்கியிருக்கிறார்.

"தம்பி, புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கு. கார எடுக்கவா?"

"ரோடு எப்படி இருக்கு?"

"ரோடு சும்மா ஈரமாத்தான் இருக்கு."

"அப்ப எடுங்க."

பழைய நாலு டயருக்கும் கடைக்காரர் அன்றே விலை பேசினார். "பட்டன் இருக்கே அண்ணே, எவனாவது வாங்குவான்." அந்த எவனாவது வேறு எங்கேயோ ஒரு முடக்கில் மிதிப்பான் என்பதால் கொடுக்கவில்லை. மச்சானுக்கு அது இன்றும் கோபம். வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கச் சுவரைக் கத்தியால் வெட்டினேன். நாலுக்கும் ஒரு முழுப் பின்னேரம் போனது, அவ்வளவு நல்ல டயர். இப்போது அக்கா வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் லீக்ஸ் பாத்தியின் மண் வழியாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் தேங்கினால் நுளம்பு வருமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார் என்பதால் அடியில் நாலைந்து துளையும் போட்டிருக்கிறேன்.